கழுவிய மீன்

“ஏ பிள்ள, கைய எடு. அந்தக் கையால என் மீனத் தொடாத.”

மீன்கார அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் கையில் உறை மாட்டியிருந்தேன். அப்போதுதான் பொட்டலம் பிரித்த புது உறை. அதைச் சொன்னேன்.

“உறை புதுசுதான். மாட்டுன பொறவு குனிஞ்சு செருப்பு வாரச் சரி பண்ணுனியா இல்லியா?”

பண்ணியிருந்தேன். பத்தடி தள்ளி உட்கார்ந்து மீனுக்கு விலை பேசிக்கொண்டே அதைக் கவனித்திருக்கிறாள். நுண்ணுயிரியல் படிப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. எம்.எஸ்ஸி. முடித்து நாசரேத்திலிருந்து வந்த நான், தூத்துக்குடியில் மீன் விற்கிற ஒருத்தியிடம் அந்தப் பாடத்தில் பிடிபட்டு நின்றேன். உறையைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினேன். “இப்பத் தொடு” என்றாள்.

அந்த வருடம் எனக்கு ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை. ஊர் மக்கள் வாங்கிச் சாப்பிடுகிற மீனில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன, எந்த மருந்துக்கு அவை சாகின்றன, எதற்குச் சாகவில்லை என்று பார்க்க வேண்டும். நாட்டுப்படகுகள் வந்து அணையும் துறைக்கு வாரம் ஒருமுறை போய், ஆறு பேரிடம் மீன் வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவேன். ஆறு பேருக்கும் எண் கொடுத்திருந்தோம். பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது விதி. அக்கா நாலாம் எண். அந்தத் திட்டமும் அதன் விதியும் முடிந்துபோய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவளைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பேராசிரியர், “துறையிலேயே ரொம்பச் சுத்தமான ஆள் யாருன்னு விசாரிச்சு அவங்களையும் சேர்த்துக்கோம்மா. மத்தவங்க மீனை அவங்க மீனோட வச்சுப் பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தார். நான் விசாரித்தேன். ஏலம் கூறுகிற அண்ணாச்சி, பனிக்கட்டி உடைப்பவர், டீக்கடைக்காரர் எல்லோரும் ஒரே திசையில்தான் கையைக் காட்டினார்கள். டீக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் கடுப்போடு காட்டினார். ஒரே வாளித் தண்ணீரில் அவர் கிளாசுகளை முக்கி எடுப்பதைப் பார்த்த நாளிலிருந்து அக்கா அங்கே டீ குடிப்பதில்லை. குடிக்காமல் மட்டும் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, குடிக்க வருகிறவர்களிடம் காரணத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒல்லியான உடம்பு, ஐம்பதை ஒட்டிய வயது. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். மீன் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கும். அந்தத் துணி தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் காய்ந்து வரும். ஈ உட்கார்ந்த மீனை அவள் விற்கமாட்டாள், பூனைக்குத் தூக்கிப் போட்டுவிடுவாள். ஒருநாள் காரில் வந்த ஒரு பெண் விளமீனை வாங்கிவிட்டு, பக்கத்துக்காரியிடம் வெட்டிக்கொள்கிறேன் என்றாள். அக்கா மீனைத் திரும்ப வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். “அவ பலகையில நேத்து வெட்டுன மீனு இன்னும் இருக்கு. என் மீனு அதுல படுக்காது. செத்த மீனுக்கும் மானம் உண்டு தாயி.” பக்கத்துக்காரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு மாதம் அவர்களுக்குள் பேச்சில்லை.

சொந்தக்கார வீட்டு ஞானஸ்நான விருந்தில், சமையல்காரர் கரண்டியால் ருசி பார்த்துவிட்டு அதே கரண்டியைக் குழம்பில் விட்டதைப் பார்த்து, இலையில் உட்காராமலே எழுந்து வந்தவள். அந்த வீட்டோடு உறவே முறிந்தது. அதைச் சொல்லும்போது அவளுக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. “வாயில வச்சதத் திருப்பிப் போட்டான். பொறவு என்ன உறவு?” என்றாள்.

இந்தக் குணத்தால் பகை எவ்வளவோ அவ்வளவு பெயரும் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வேண்டுமா, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழவருக்குக் கஞ்சியோடு கொடுக்க நாலு சாளை வேண்டுமா, ஆட்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். பேராசிரியர் வீட்டுக்கும் அங்கிருந்துதான் மீன். எனக்கும் அவளைப் பிடித்துவிட்டது. வேலை முடிந்தாலும் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அவள் மீன் கழுவுவதை வேடிக்கை பார்க்கலாம். மற்றப் பெண்கள் துறையின் படிக்கட்டிலேயே கழுவினார்கள். அங்கே படகு எஞ்சின்களின் டீசல் தண்ணீர் மேல் நிறம் நிறமாக மிதக்கும். அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கல் கொட்டிய கரையோடு நூறடி நடந்து கிழக்கு மூலைக்குப் போவாள். அங்கே எண்ணெய்ப் படலம் கிடையாது. குனிந்தால் அடியில் கிடக்கிற கிளிஞ்சல் தெரியும். ஒவ்வொரு மீனாக எடுத்து, செவுளைத் தூக்கி, விரலை உள்ளே விட்டு மூன்று முறை அலசுவாள்.

“முதத் தண்ணி ரெத்தத்துக்கு. ரெண்டாந் தண்ணி வழுவழுப்புக்கு. மூணாவது என் மனசுக்கு.”

முதல் மாத முடிவில் ஆய்வகத் தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் சோதனை எளிமையானது. மீனிலிருந்து எடுத்த பாக்டீரியாவை ஒரு கண்ணாடித் தட்டில் தடவி, அதன் மேல் வெவ்வேறு மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மறுநாளைக்குள் பாக்டீரியா தட்டு முழுக்கப் பாசிபோல் படர்ந்துவிடும். மருந்து வேலை செய்தால் அந்த வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் வட்டம் விழாது, வில்லையின் விளிம்புவரை பாக்டீரியா வந்து ஒட்டி நிற்கும்.

மற்ற ஐந்து பேரின் தட்டுகளில் வட்டங்கள் இருந்தன. சிலது பெரிது, சிலது சிறிது. நாலாம் எண் தட்டில் வட்டமே இல்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் வாங்குகிற சாதாரண மருந்து தொடங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு வழியே இல்லாதபோது போடுகிற ஊசி மருந்து வரை, எல்லா வில்லையையும் முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது.

எண்ணை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி மீன் வாங்கி மறுபடி செய்தேன். அதே. என் கையிலிருந்து ஒட்டியிருக்குமோ என்று என் கையையும் சோதித்தேன். பேராசிரியரே ஒருமுறை செய்தார். மறுநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “இவங்க மீனையா நாம சாப்பிடுறோம்?” என்றார். அவர் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது.

அடுத்த வாரம் படிப்படியாகப் பிரித்து எடுத்தேன். படகிலிருந்து இறங்கியதும் ஒரு மீன், அக்காவின் கூடைக்கு வந்ததும் ஒன்று, கழுவியபின் ஒன்று. கழுவும் இடத்துத் தண்ணீரையும் ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டேன். படகு மீனில் வட்டங்கள் இருந்தன. கூடை மீனிலும் இருந்தன. கழுவிய மீனில் இல்லை. தண்ணீரின் தட்டும் கழுவிய மீனின் தட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

கடல் நன்றாக உள்வாங்கிய ஒரு நாளில் பேராசிரியரும் நானும் கிழக்கு மூலைக்குப் போனோம். கல்லுக்கு அடியில், எப்போதும் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கிற ஒரு குழாயின் வாய் தெரிந்தது. ஊருக்குள்ளிருந்து வருகிற சாக்கடை. எத்தனை வீடு, எத்தனை விடுதி, எத்தனை ஆஸ்பத்திரியின் கழிவு அதில் சேர்கிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை தின்ற உடம்புகளிலிருந்து கழிந்தது எல்லாம் அங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. அது கலங்கலாகக்கூட இல்லை. மேலே கண்ணாடி போன்ற தண்ணீர், கீழே கிளிஞ்சல்.

ஆய்வில் பங்கெடுப்பவர்களிடம் திட்டம் முடியும்வரை முடிவைச் சொல்லக் கூடாது. நான் சொல்லிவிட்டேன். மறுநாளே, வியாபாரம் முடிந்து அவள் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

முதலில் சிரித்தாள். “போ பிள்ள. அந்தப் படிக்கட்டுக்காரிய மீனாயிருக்கும். மாத்தி எழுதியிருப்ப.”

“நாலு தடவ பாத்துட்டோம்க்கா. கழுவுறதுக்கு முந்தி உங்க மீன் நல்லாத்தான் இருக்கு. கழுவுன பொறவுதான்.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“வெந்தாச் செத்துருமுல்லா?”

“செத்துரும். நல்லா வெந்த மீனால ஒண்ணும் வராது. ஆனா வெட்டுற கை, கத்தி, பலகை, அதுலயே பொறவு வெங்காயம் நறுக்குறது... கையில காயம் இருந்தா இன்னும் மோசம்.”

“காயமா?”

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் பலகையைக் கீழே வைத்தாள். அவள் கணவர் மீன்பிடிக்கப் போனவர் என்றும், நான் வருவதற்கு மூன்று வருடம் முன்பு இறந்துவிட்டார் என்றும் மட்டுமே எனக்குத் தெரியும். எப்படி இறந்தார் என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள். வலையைப் பிரிக்கும்போது கெளிறு மீனின் முள் பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை உண்டு. கடல் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது அந்தக் கரையில் எல்லோரும் நம்புகிற விஷயம். காலையும் சாயங்காலமும் கிழக்கு மூலைக்குப் போய், துலக்கிய பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்து, துணியில் வடிகட்டி, அவர் காலைக் கழுவியிருக்கிறாள். படிக்கட்டுத் தண்ணீரில் எண்ணெய் என்று அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறாள்.

“ஊசியா மாத்தி மாத்திப் போட்டாங்க. ஒரு மருந்தும் கேக்கல. முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. பொறவும் கேக்கல. டாக்டரு எங்கிட்ட, புண்ணச் சுத்தமா வச்சீங்களாம்மான்னு கேட்டாரு. எங்கிட்டப் போயி அதக் கேக்காரேன்னு எனக்குக் கோவமா வந்தது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பிள்ள, இங்கன பாரு. அது இதானா?”

“தெரியாதுக்கா. அப்ப யாரும் அந்தத் தண்ணிய எடுத்துப் பாக்கல. இப்ப சொல்ல முடியாது.”

“இல்லன்னு சொல்லேன்.”

என்னால் அதுவும் சொல்ல முடியவில்லை. அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். உப்பிலும் சோப்பிலும் வெளுத்து, ரேகை தேய்ந்த கை. “மாதாவே” என்றாள். சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு எழுந்து, கழுவி வைத்திருந்த மிச்ச மீனையெல்லாம் மணலில் குழி தோண்டிப் புதைத்தாள். பூனை பின்னாலேயே வந்தது. முதல்முறையாக அதைக் கல்லெடுத்து விரட்டினாள்.

இரண்டு மாதம் அவள் துறைக்கு வரவில்லை. நான் முடிவைச் சொன்னது தெரிந்து பேராசிரியர் என்னைத் திட்டினார். திட்டிவிட்டு, “இனி மறைச்சு வச்சு என்ன செய்ய?” என்று ஊர்க் கூடத்தில் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். மீன் விற்கிற பெண்கள், படகுக்காரர்கள், இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் நாலாம் எண் தட்டின் படம் பெரிதாக விழுந்தது. பேராசிரியர் விளக்கி முடிக்கவில்லை, கூடம் கொதித்துவிட்டது.

ஏலம் கூறுகிற அண்ணாச்சி எழுந்தார். “சார், மீனுல நோயின்னு நாளைக்குப் பேப்பருல வந்தா இந்தக் கரையில ஒருத்தன் அடுப்பெரியுமா? நீங்க சம்பளம் வாங்குதிய, போயிருவிய. நாங்க?”

அவர் கேட்டது நியாயம். அவரே தொடர்ந்தார்.

“எவளோ ஒருத்தி நாத்தம் பிடிச்சவ செஞ்சதுக்கு எல்லாருமா சாகணும்? நாலாம் நம்பரு எவன்னு சொல்லுங்க. அவள இனி துறையில உக்கார விடமாட்டோம்.”

“பேரச் சொல்லு, பேரச் சொல்லு” என்று சத்தம் எழுந்தது. பெண்கள்தான் அதிகம் கத்தினார்கள். பேராசிரியர் பெயர் சொல்வதற்கில்லை என்றார். சத்தம் கூடியது. நாங்கள் மீன் வாங்கிய மற்ற ஐந்து பேரும் அங்கேதான் இருந்தார்கள். தன் எண் எது என்று தெரியாததால், தன் பெயர் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு முகமும் வெளிறிப்போனது. நான் பின்வரிசையைப் பார்க்கவே கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாலாம் நம்பரு நாந்தான்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் முன்னால் நடந்து வந்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ஏளா, ஏன் சிரிக்கிய? இது என் மீனு. நான் மூணு தண்ணி கழுவுன மீனு. நீங்கல்லாம் சும்மா முக்கி எடுக்கியன்னு நான் எத்தன பேரக் கேவலமாப் பேசியிருக்கேன்? கழுவாத உங்க மீனு, கழுவுன என் மீன விடச் சுத்தமாம். இந்தப் பிள்ளட்டக் கேளுங்க.”

அவளோடு பேசாமலிருந்த பக்கத்துக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“என்னைய உக்கார விடாண்டாம். சரி. ஆனா என்னைய எந்திரிக்க வச்சுட்டா தண்ணி சுத்தமாயிருமா? அந்தக் குழாய மூடுங்க. இல்ல, எங்களுக்கு நல்ல தண்ணி குடுங்க. கழுவாத, கழுவாதன்னா நாங்க மீன எதுல அலச?” அதிகாரிகள் பக்கம் திரும்பியபோது அவள் குரல் உடைந்தது. “கை அழுக்குன்னா தண்ணியில கழுவலாம். தண்ணியே அழுக்குன்னா அத எதுல கழுவ, அய்யா?”

சில மாதம் கழித்துத் துறையில் ஒரு குழாய் வந்தது. குளோரின் கலந்த நல்ல தண்ணீர், காலையில் இரண்டு மணி நேரம். கல்லுக்கடியில் இருந்த சாக்கடை வாயை யாரும் அடைக்கவில்லை. அடைத்தால் ஊருக்குள் தண்ணீர் தேங்கும் என்றார்கள். அக்காவைத் துறையை விட்டு யாரும் துரத்தவும் இல்லை. துரத்த அவசியம் வரவில்லை. அவளைத் தேடி வந்துகொண்டிருந்தவர்கள் மற்றவர்களிடம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். “நோய் மீன்காரி” என்று ஒரு குழந்தை சொல்லி, அதன் தாய் அதன் வாயைப் பொத்தியதை நானே பார்த்தேன். அக்கா ஒரு சின்னக் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். விற்றால் விற்றது.

குழாய் வந்த முதல்நாள் எல்லோரும் வரிசையில் நிற்க, அவள் மட்டும் ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு வந்தாள். புட்டியை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“இத பாத்துச் சொல்லு. பொறவுதான் தொடுவேன்.”

பார்த்தேன். தட்டில் ஒன்றுமே வளரவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன்.

“இது அன்னைக்குப் பிடிச்ச தண்ணி. இன்னைக்கு வாரது?”

அதன்பிறகு வாரம் தவறாமல் புட்டி வந்தது. பேராசிரியர் தடுக்கவில்லை. மீதமிருந்த தட்டுகளில் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டோம். ஒருமுறைகூட மோசமாக வரவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு நிமிடம், ஒவ்வொரு முறையும் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

திட்டம் முடிந்தது. நீட்டித்துத் தரவில்லை. ஆய்வகத்தைப் பூட்டி, மிஞ்சிய பொருட்களுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த நாளில் அக்கா புட்டியோடு வந்து நின்றாள்.

“இனி இங்க சோதிக்க ஆள் இல்லக்கா. நானும் வேற வேலைக்குப் போறேன்.”

“எங்க?”

“இறால் ஏத்துமதி பண்ணுற கம்பெனிக்கு. அங்க ஆய்வகத்துல.”

“அங்க என்ன வேலை?”

“வெளிநாட்டுக்குப் போறத சோதிக்கணும்.”

“இதே சோதனையா?”

“கிட்டத்தட்ட இதே.”

“எப்பமாச்சுமா?”

“இல்லக்கா. ஒவ்வொரு லோடும் பாத்துத்தான் அனுப்புவாங்க. இல்லன்னா வெளிநாட்டுக்காரங்க வாங்க மாட்டாங்க.”

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். அன்றைக்குத் தட்டைப் பார்த்த என் முகமும் பேராசிரியர் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“அப்ப இங்கன திங்கவனுக்கு யாரு பாக்க?”

கையை நீட்டினேன். “குடுங்கக்கா. கம்பெனியில யாரிட்டயாவது கேட்டுப் பாத்துச் சொல்லுதேன்.”

புட்டியை அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் பிள்ள. நீ பாவம் பாத்து, பாக்காமலே நல்லாயிருக்குன்னு சொல்லிருவ” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.